குழந்தைத் திருமணத்தை நிறுத்த: 1098-ஆ, ஊர்ப் பாதுகாப்புக் குழுவா?

பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவது காதுக்கு வருகிறது. யாரிடம் போவது? 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணுக்கா, ஊரில் குழந்தைகள் நலனைப் பார்க்கும் கிராமப் பாதுகாப்புக் குழுவுக்கா?

வேகம்
1098: 24 மணி நேரமும் இலவசம். முகூர்த்தம் நாளைக்கு என்றாலும் அழைக்கலாம்.
கிராமக் குழு: தலைவர், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் என எல்லோரும் கூட வேண்டும், நாளாகும்.

ரகசியம்
1098: பெயர் சொல்ல வேண்டியதில்லை.
குழு: மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் உள்ளேயே இருப்பார். சேதி கசிந்தால் முகூர்த்தம் முன்தள்ளப்படும், வெளியூர்க் கோயிலில் விடியற்காலையில் தாலி ஏறிவிடும்.

நிலைப்பு
இங்கே குழுவுக்குத்தான் பலம். நடத்த மாட்டோம் என்று அதிகாரிகள் எழுதி வாங்கிப் போன கல்யாணம் அடுத்த மாதமே வேறு ஊரில் நடப்பதுண்டு. பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்று வாராவாரம் பார்க்க உள்ளூர் ஆள்தான் வேண்டும். வெறும் எழுத்துறுதியை நம்பாமல், 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் நீதித்துறை நடுவரிடம் தடையாணை கேட்கும்படி அதிகாரிகளிடம் சொல்லுங்கள். அதை மீறி நடக்கும் திருமணம் செல்லாது.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பெண்ணின் பெயர், பள்ளி, வகுப்பு, தேதி, மண்டபம், வீட்டுக்கு அடையாளம். வயதுக்குப் பள்ளிச் சான்று அல்லது பிறப்புச் சான்று.

ஒரு வாரத்துக்குள் கல்யாணம் என்றால் 1098 மட்டும். ஊரில் வாயைத் திறக்காதீர்கள். பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, குழுவும் நம்பகமானது என்றால் குழு. பாலியல் வன்முறை என்றால் ஊர்ப் பஞ்சாயத்துக்கே இடமில்லை: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாதிருப்பதே குற்றம்.