பூஸ்ட் பட்டனைத் தொடாதீங்க, 12,000 போச்சு

காசு கட்டி ஓடவிட்ட விளம்பரத்தை இப்போதான் நிறுத்தினேன். தளத்தின் பெயர் வேண்டாம். படமும் வீடியோவும் போடுற, "இலவசம்"னு சொல்லிக்கிட்டு விளம்பரத்தில் பிழைக்கிற தளம். போனது 12,000.

நம்ப வைக்கிறது ஒரே ஒரு வரிதான். "இந்தப் பதிவு உங்கள் மற்ற பதிவுகளைவிட நன்றாகப் போகிறது", பக்கத்திலேயே பூஸ்ட் பட்டன், அதாவது காசு கட்டினா அந்தப் பதிவை விளம்பரமா ஓட்டுற பட்டன். நம்மைப் பின்தொடர்றவங்களில் பெரும்பாலானவங்களுக்குப் பதிவைக் காட்டாம வச்சுக்கிட்டு, அவங்ககிட்டயே கொண்டுபோய்ச் சேர்க்க நம்மகிட்ட காசு கேட்குறான். அதையும் பாராட்டு மாதிரி கேட்குறான்!

அந்தப் பட்டன் தானாகத் தேர்வு செஞ்சு வச்சிருந்த நோக்கம் 'ஈடுபாடு'. லைக் கேட்டா லைக்தான் தேடித் தரும். யாருக்கு விளம்பரம் காட்டணும்னு அங்கே ஏலம் நடக்கும். எதைப் பார்த்தாலும் தட்டுற ஆட்களுக்குக் காட்டுறது அந்த ஏலத்தில் மலிவு. வாங்குற ஆளுக்குப் போட்டி அதிகம், விலையும் அதிகம். போதாததுக்கு, விளம்பரம் வெளியே இருக்கிற விளையாட்டுச் செயலிகளுக்குள்ளயும் ஓடியிருக்கு. மூடப் போற விரல் தவறிப் பட்டாலும் அது கிளிக்தான். அவங்க கணக்கில் 1,140 கிளிக். நம்ம இணையதளக் கணக்கில் பக்கம் திறந்தது 203. வீடியோவோ தானா ஓடி 3 வினாடி ஆனாலே 'பார்வை'.

முடிவுத் தேதியும் கிடையாது, "நிறுத்தும் வரை" ஓடும். தினசரி வரம்புன்னு போட்டது சராசரியாம், சில நாள் தாண்டும். கார்டிலும் மொத்தமா எடுக்க மாட்டான். ஒரு தொகை சேர்ந்ததும் எடுப்பான், கட்டக் கட்ட அந்தத் தொகையை ஏத்துவான். துண்டு துண்டா 12,000.

உதவி கேட்டா மூணு தடவை தானாப் பதில் சொல்ற பாட் (bot)தான் வந்துச்சு. நாலாவதா வந்த ஆள் ஒட்டின பதில்: "உங்கள் விளம்பரம் வெற்றிகரமாகக் காட்டப்பட்டது." காட்டினதுக்குத்தான் காசாம், விற்காததுக்கு அவங்க பொறுப்பில்லையாம். பட்ஜெட்டைக் கூட்டிப் பாருங்கன்னு ஆலோசனை வேற. புகார் 'தீர்க்கப்பட்டது'. அதுக்கு நட்சத்திரம் குடுக்கணுமாம்.

விளம்பரம் எப்படிப் போடணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ மனசில்லை. அவசரத்துக்கு: பூஸ்ட் வேண்டாம், அதே தளத்தின் விளம்பர மேலாளர் (Ads Manager) பக்கத்துக்குப் போங்க. தினசரி வரம்பு வேண்டாம், மொத்த வரம்பும் முடிவுத் தேதியும் போடுங்க. விளம்பரம் ஓடுற இடங்களிலிருந்து வெளிச் செயலிகளை எடுத்துவிடுங்க. கிளிக்கை எண்ணாதீங்க, பக்கம் திறந்ததை எண்ணுங்க. விளம்பரம் முடிஞ்சதும் கார்டை உடனே கணக்கிலிருந்து நீக்குங்க. பாக்கி இருந்தா நீக்க விடாது. முதலில் விளம்பரத்தை நிறுத்தி, பாக்கியைக் கட்டிட்டு நீக்குங்க.