கார்டியன் குறுக்கெழுத்து: அளந்து கொடுக்கும் உதவி

1929ஆம் ஆண்டு முதல் குறுக்கெழுத்துப் புதிர்களை வெளியிட்டு வரும் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், இணையத்தில் புதிருடன் சேர்த்துத் தரும் உதவிப் பொத்தான்கள், விடையை எடுத்த எடுப்பில் போட்டு உடைக்காமல் கேட்ட அளவுக்கு மட்டும் கைகொடுப்பதால் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் தவறான எழுத்துகள் மட்டும் அழிந்துவிடும். சரியானவை அப்படியே நிற்கும்.

எல்லாவற்றிலும் சிறந்தது, ஒரு சொல்லின் எழுத்துகளை மாற்றியடுக்கி விடை காண வேண்டிய குறிப்புகளுக்காக எழுத்துகளைக் கலைத்துப் போடும் கருவிதான். ‘லிசன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்துகளை உள்ளிட்டால், அவை வட்டமாக இடம் மாறி நிற்கும்; ஏற்கெனவே கண்டுபிடித்த எழுத்துகளும் கீழே கட்டங்களில் தெரிவதால், அதே எழுத்துகளால் ஆன ‘சைலன்ட்’ என்ற விடை நமக்கே பிடிபடுகிறது. அந்த மகிழ்ச்சியை நம்மிடமிருந்து பறிக்காத உதவியே நல்ல உதவி என்பேன்.

குறை ஒன்று உண்டு. விடையைக் காட்டும் பொத்தான், அது எப்படி வந்தது என்பதை விளக்குவதில்லை. குறிப்பில் வரும் ‘டக்’ என்றால் கிரிக்கெட்டில் பூஜ்யம், எனவே விடையில் அதே வடிவிலுள்ள ‘ஓ’ (O) என்ற ஆங்கில எழுத்து என்பது நம்மவர்களுக்கு உடனே விளங்கிவிடும். குறிப்புகளில் பயன்படும் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் சுருக்கப் பெயர்கள் அப்படி விளங்குவதில்லை. இதற்குச் சேம்பர்ஸ் என்ற ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. புதியவர்கள், 2024இல் தொடங்கப்பட்ட எளிய சங்கேதப் புதிரிலிருந்து (சொல்விளையாட்டில் விடையை மறைத்துத் தரும் ‘கிரிப்டிக்’ வகை) ஆரம்பிக்கலாம். அதில் பயன்படும் உத்திகள் முன்கூட்டியே சொல்லப்படுகின்றன.