வாக்குத்தத்தப் பெட்டி: மரம் நல்ல மரம், வசனத்தைத்தான் பாதியில் வெட்டிவிட்டார்கள்

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள், வசனம் எழுதிய சாவிக்கொத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில் வைத்திருப்பார்களே, இழுப்பறை வைத்த சின்ன மரப்பெட்டி, அதைத்தான் சொல்கிறேன். உள்ளே விசிட்டிங் கார்டு அளவில் கலர் கலராக அட்டைகள். ஒவ்வொன்றிலும் வேதாகமத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம், அதாவது கடவுள் வாக்குக் கொடுக்கிற ஒரு வசனம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் சபையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை வருஷத்துக்கு ஒன்று. இது தினத்துக்கு ஒன்று. காலை ஜெபம் முடிந்ததும் கண்ணை மூடி எடுக்க வேண்டியதுதான்.

நீலகிரி மலையில் கேத்தியில் எங்கள் வீட்டுக்கு இதை வாங்கியது அத்தைக்காக. எழுத்து பெரியது, கண்ணாடி போடாமலே படிக்கிறார். வசனங்கள் வேதாகமச் சங்கத்துப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளபடியே இருப்பதால் பாதியைப் பார்க்கும்போதே மீதி வாயில் வந்துவிடுகிறது. அச்சுப்பிழை என் கண்ணில் படவில்லை.

ஆனால் செய்தவர்கள் மலைக்கு வந்ததில்லை போலிருக்கிறது. ஜூனில் மழை பிடித்தால் எங்கள் வீட்டில் உப்பே கசியும். அட்டைக்கு மேலே பிளாஸ்டிக் உறை கிடையாது. ஈரத்தில் ஊதி, இழுப்பறை பாதியில் சிக்கிக்கொண்டது. நீல அட்டையைத் தொட்டால் விரலில் சாயம். ஒட்டிக்கொண்ட இரண்டைப் பிரித்ததில் ஏசாயா பாதி உரிந்து சங்கீதத்தின் முதுகில் ஏறிவிட்டது. இப்போது அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருக்கிறேன், சரியாக இருக்கிறது. வாங்குகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

ஈரத்தை விடுங்கள். எனக்குப் பெரிய குறை, வசனங்களைப் பொறுக்கிய விதத்தில்தான்.

ஜனவரியில் ஒரு காலை உறைபனி விழுந்து கேரட் இலையெல்லாம் கருகிக் கிடந்தது. விடிவதற்குள் தண்ணீர் அடித்தும் கீழ்ப்பாத்தி தப்பவில்லை. உரக்கடை பாக்கி அப்படியே நிற்கிறது. அன்றைக்கு வந்த அட்டை ஆபகூக் 3:19. ‘அவர் என் கால்களை மான்கால்களைப்போலாக்கி, உயரமான ஸ்தலங்களில் என்னை நடக்கப்பண்ணுவார்.’ மலைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடைக்குமா! வீட்டுக்காரர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வேதத்தை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய இரண்டு வசனங்கள்தான் எங்கள் பாத்திக்கு எழுதினது: ‘வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்’, தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறான் ஆபகூக். மான்கால் அதற்குப் பிறகுதான் வருகிறது. பெட்டியில் மான்கால் மட்டும் இருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எரேமியா 29:11, ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’, ரோஸ் அட்டை. அதற்கு முந்தைய வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதை வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களுக்குத்தான் வீட்டைக் கட்டுங்கள், தோட்டத்தை நாட்டுங்கள் என்று எழுதுகிறார். தானியேல் 3:17 இருக்கிறது, தேவன் தப்புவிக்க வல்லவர் என்று. அடுத்த வசனம் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்று தொடங்குகிறது, அதைக் காணோம். ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரின் ஒப்புக்கொடுத்தல் அந்த 18-ம் வசனத்தில்தானே இருக்கிறது?

சங்கீதம் 91:11, தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்பது, பச்சை அட்டை. அதே வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்து, தேவாலய உப்பரிகையில் நின்ற இயேசுவிடம் நீட்டியவன் யார் என்று மத்தேயு 4-ல் இருக்கிறது. அட்டை செய்தவர்களைச் சாத்தானோடு சேர்க்கவில்லை, ஐயோ! பிய்த்த வசனம் எந்தக் கையிலும் போகும் என்றுதான் சொல்கிறேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் இயேசு செய்த ஜெபம், ‘என்னுடைய சித்தத்தின்படியல்ல’ என்பது, பெட்டியில் இல்லவே இல்லை.

இப்படிப் பொறுக்கினால் பெட்டி கிளி ஜோசியம் ஆகிவிடுகிறது. அத்தைக்கு ஒரு நாள் சங்கீதம் 27:14 வந்தது, ‘கர்த்தருக்குக் காத்திரு’. “காத்திருந்தது போதும், அதை உள்ள போட்டுட்டு வேற ஒண்ணு எடும்மா” என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே பெட்டிதான். நல்ல சீட்டு வரும்வரை எடுப்பதை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இழுப்பறையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையை அளவாக வெட்டி, பால்பாயிண்ட் பேனாவில் தானியேல் 3:18, ஆபகூக் 3:17, லூக்கா 22:42 எழுதிப் போட்டிருக்கிறேன். பத்திரிகைத் தாள் கைக்குத் தெரிந்துவிடுவதால் அத்தை தடவிப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார், அது வேறு கதை.

வாங்கலாமா? ஞானஸ்நானத்துக்கோ வீடு பிரதிஷ்டைக்கோ பரிசாகக் கொடுக்கலாம், பார்க்க லட்சணமாக இருக்கும். வேதம் தினமும் திறக்கிற வீட்டில் இது கெடுதல் செய்யாது. அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து அந்த அதிகாரத்தையே எடுத்துப் படித்தால் நல்லதுகூட. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களுக்கு மட்டும் வேண்டாம். அதே காசுக்கு, சங்கீதமும் சேர்த்துக் கட்டிய சின்னப் புதிய ஏற்பாடு கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். அதில், இருட்டிலேயே முடிகிற புலம்பலான 88-ம் சங்கீதமும் இருக்கும்.