‘ஸ்கவர்’: தேய்ப்பதா, தேடுவதா?

ஹட்டன் பக்கம் உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் ‘ஸ்கவர்’ (scour) என்ற ஆங்கில வினையைக் கண்டால் முதலில் நினைப்பது தேடுவதைத்தான். செய்திகளில் அப்படித்தான் வரும்: காணாமல் போனவருக்காகக் காடு மேடெல்லாம் சல்லடை போடுவது.

இலக்கியத்தில் எனக்குப் பிடித்தது தேய்க்கும் பொருள். பீலியடியில் கரிபிடித்த சட்டியைச் சாம்பல் போட்டு, கை நோகத் தேய்ப்போமே, அந்த அழுத்தம் அதில் இருக்கிறது. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், முற்றுகைக்கு முன் மக்பெத் மருத்துவரிடம் கேட்கிறான்: இந்த ஆங்கிலேயரை இங்கிருந்து கழுவித் தள்ள (‘ஸ்கவர்’ செய்ய) எந்தப் பேதி மருந்து உதவும்? எதிரிப் படையையே நாட்டின் வயிற்று அழுக்காக்கிவிடுகிறது அந்த ஒரு வினை. ‘தேடு’ என்று படித்தால் வரியே செத்துப்போகும்.

நிலத்தைத் தேடியோ விரைந்தோ கடக்கும் மற்றப் பொருளில் வேகம் அதிகம், ஆழம் குறைவு. 1711இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் வெளியிட்ட கவிதையில் கமில்லா என்ற வேகமான வீராங்கனை சமவெளியை ‘ஸ்கவர்’ செய்கிறாள்; எதையும் தேடவில்லை, பயிர் வளையாமல் அதன்மேல் பறந்தோடுகிறாள். பரீட்சையில் இங்கேதான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். வினைக்குப் பின்னால் வருவது நிலப்பரப்பா, அகற்ற வேண்டிய அழுக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.