பிள்ளைக்கு ‘பிபி ஜீன் டெஸ்ட்’ கிட் வாங்கலாமா?

அப்பா, அம்மா இருவருக்கும் பிபி இருந்தால், பத்தாவது படிக்கிற பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தை வைத்துத்தான் எச்சிலைக் குழாயில் எடுத்து லேபுக்கு அனுப்பும் ஜீன் டெஸ்ட் கிட்கள் ஆன்லைனில் விற்கின்றன. ரத்த அழுத்தத்துக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். 5-க்கு 2 மதிப்பெண்தான்.

கிட்டில் பெரிய குறை இல்லை. அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், சூயிங்கம் எதுவும் கூடாது. குழாயில் உள்ள கோடு வரை, பெரும்பாலும் 2 மி.லி., எச்சில் சேர வேண்டும். மேலே நிற்கும் நுரை கணக்கில் வராது. நுரை கோட்டைத் தொட்டதுமே மூடிவிட்டால் டிஎன்ஏ போதாமல் லேப் அந்த எச்சிலை நிராகரித்துவிடலாம்.

சிக்கல் ரிப்போர்ட்டில். சாதாரண பிபி ஒரே ஒரு ஜீனால் வருவதில்லை. 2018-இல் வெளியான, பத்து லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்த ஆய்வில் பிபியோடு தொடர்புடைய மரபணு இடங்கள் 901 என்று கணக்கானது. ஒவ்வொன்றின் பங்கும் பொதுவாக 1 மி.மீ. பாதரசத்துக்கும் (பிபியை அளக்கும் அலகு) குறைவு. பத்துப் பதினைந்து இடங்களை மட்டும் பார்த்துவிட்டு ‘ஆபத்து அதிகம்’ என்று சிவப்பு எழுத்தில் போடுவது பெற்றோரை வீணாகக் கலங்கடிக்கும். நூற்றுக்கணக்கான இடங்களைக் கூட்டிப் போடும் மதிப்பெண் இதைவிட மேல். ஆனால் அதன் அடிப்படைத் தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெரியவர்களுடையது. நம் ஊர்ப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது அப்படியே பொருந்தாது.

ஒரே ஜீன் கோளாறால் சின்ன வயதிலேயே பிபி ஏறும் நோய்களும் உண்டு, அபூர்வமாக. லிடில் நோயில் சிறுநீரகம் சோடியத்தை விடாமல் இழுத்துக்கொள்ளும். அதற்கு அமிலோரைடு என்ற மருந்து கேட்கும், ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்து கேட்காது. இன்னொரு வகையில் பக்கத்துப் பக்கத்து ஜீன்கள் இரண்டு ஒட்டிக்கொண்டு உடலில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். கிட்களில் பயன்படும், குறித்த சில இடங்களை மட்டும் பார்க்கும் சிப் முறை அந்த ஒட்டலைப் பிடிக்காது. எனவே ‘பிரச்சினை இல்லை’ என்ற ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடக் கூடாது. பிபி அதிகம், ரத்தத்தில் ரெனின் (பிபியைச் சீராக்க சிறுநீரகம் சுரக்கும் பொருள்) குறைவு, சில சமயம் பொட்டாசியமும் குறைவு, குடும்பத்தில் இளம் வயதிலேயே பக்கவாதம்: இவை சேர்ந்திருந்தால் குழந்தைகள் சிறுநீரக மருத்துவரே எந்த ஜீனைப் பார்ப்பது என்று சொல்வார். அந்த டெஸ்டுக்குச் செலவு செய்வது வீணல்ல.

மற்றவர்கள் அந்தப் பணத்தில் மேல்கை பிபி மெஷினும் கையில் சுற்றும் சரியான அளவுப் பட்டையும் (கஃப்) வாங்கலாம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டேப் வைத்துச் சுற்றளவு பாருங்கள். பெட்டியோடு வருவது பல மாடல்களில் 22–32 செ.மீ. பட்டை. 35 செ.மீ. கையில் அதைக் கட்டினால் இல்லாத பிபி காட்டும், ஒல்லிக் கையில் இருக்கிற பிபியை மறைக்கும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள்.

13 வயதிலிருந்து 120/80-க்குக் கீழே இயல்பு. மேல் எண் 130-ஐயோ கீழ் எண் 80-ஐயோ தொட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று தனித்தனி நாட்களில் பார்த்த பிறகே அவர் முடிவு சொல்வார். ஏற்கெனவே கிட் வாங்கி ‘ஆபத்து குறைவு’ என்று வந்திருந்தாலும், வருடம் ஒருமுறை பிபி பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.