வேதத்தின் கடினமான பகுதிகளைக் கற்பிக்கும் ஓர் இணையவழிப் பாடத்தொடர்: மதிப்புரை

வேதாகமத்தில் நாம் வாசிக்கத் தயங்கும் பகுதிகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, அவற்றை எவ்வாறு அணுகுவது என்று கற்பிக்கும் இணையவழிப் பாடத்தொடர் ஒன்றை முழுமையாகக் கேட்டு முடித்தேன். பன்னிரண்டு ஒலிப்பாடங்களும், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு குறிப்பேடும், ஆசிரியர் குழுவிடம் எழுத்தில் கேள்வி கேட்கும் வசதியும் இந்தச் சேவையில் அடங்கும். பாராட்டும் குறையும் கலந்து எழுதுவதால் நடத்துவோரின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வகைப் பாடங்களைத் தேடுகிறவர்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்த மதிப்புரை காட்டினால் போதும்.

இத்தகைய பாடத்தை நான் அளக்கும் கோல் ஒன்றுதான். வசனத்தை அதன் முழுக் கடுமையோடு கேட்க விடுகிறதா, அல்லது கேட்டு முடிக்கும் முன்பே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுகிறதா என்பதே அது. தேவன் நீதியுள்ளவர், ஆகையால் கேள்விக்கு இடமில்லை என்று ஒரு தரப்பு பேச்சை முடித்துக்கொள்கிறது. அது பழைய ஏற்பாடு, நமக்கு இயேசு போதும் என்று மறுதரப்பு முடித்துக்கொள்கிறது. இரண்டிலும் கொல்லப்பட்டவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இந்தத் தொடர் பெரும்பாலான இடங்களில் இவ்விரண்டு வழிகளையும் மறுக்கிறது என்பதே நான் இதைப் பரிந்துரைக்கக் காரணம். மறுக்கத் தவறும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும்.

முதல் நான்கு பாடங்கள் யோசுவாவின் புத்தகத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. எரிகோவில் ஆண்கள், பெண்கள், வாலிபர், கிழவர், ஆடுமாடுகள் யாவும் பட்டயத்துக்கு இரையானதைச் சொல்லும் ஆறாம் அதிகாரத்தை ஆசிரியர் நடுவில் நிறுத்தி விளக்காமல் வாசிக்கிறார். பத்தாம் அதிகாரத்தில் பட்டணம் பட்டணமாக அடுக்கப்படும் அழிவையும், ஒருவரையும் மீதியாக வைக்கவில்லை என்று திரும்பத் திரும்ப வரும் கூற்றையும் அவ்வாறே வாசிக்கிறார். அதன் பின்னரே சாபத்தீடு என்னும் வழக்கத்துக்கு, அதாவது பிடிபட்டவற்றைக் கொள்ளையாக எடுத்துக்கொள்ளாமல் தெய்வத்துக்கென்று முற்றாக அழித்துவிடும் போர்முறைக்கு, வருகிறார். இது இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு மோவாபின் அரசன் மேசாவின் கல்வெட்டு சான்றாகிறது. 1868இல் தீபானில் வெளிப்பட்ட, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், நேபோ என்னும் ஊரைப் பிடித்து அங்கிருந்த 7,000 பேரையும் தன் தெய்வத்துக்கென்று கொன்றதாக மேசா பெருமை பேசுகிறான். இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோயிற்று என்றும் அதே கல்லில் எழுதிவைத்தான். ஆனால் இஸ்ரவேல் ராஜ்யம் அதற்குப் பின்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. கி.மு. 1208ஐ ஒட்டிய எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டும் இஸ்ரவேலுக்கு வித்தே இல்லாமற்போயிற்று என்கிறது. அக்காலத்து அரசர்கள் வெற்றியை இப்படி மிகைப்படுத்தும் நடையில்தான் எழுதினார்கள் என்பதைக் கேட்பவர் இங்கே எளிதில் புரிந்துகொள்கிறார்.

இதே நடை யோசுவாவின் புத்தகத்திலும் இருக்கிறது என்பதற்கு ஆசிரியர் வெளியே எங்கும் போகவில்லை. பத்தாம் அதிகாரத்தில் எபிரோனும் தெபீரும் ஓர் உயிரும் மிஞ்சாமல் அழிக்கப்படுகின்றன. பதினைந்தாம் அதிகாரத்தில் காலேப் எபிரோனிலிருந்து ஏனாக்கின் புத்திரரைத் துரத்துகிறான், ஒத்னியேல் தெபீரைப் பிடிக்கிறான். நியாயாதிபதிகளின் முதல் அதிகாரமோ துரத்தப்படாத கானானியரின் நீண்ட பட்டியல். உபாகமம் ஏழாம் அதிகாரம் முற்றாக அழிக்கச் சொன்ன கையோடு அவர்களுடன் சம்பந்தம் கலக்கவும் தடை விதிக்கிறது. உயிரோடு இல்லாதவர்களோடு சம்பந்தம் கலக்க வழியில்லையே. எரிகோவில் 1952 முதல் 1958 வரை அகழாய்வு செய்த கேத்லீன் கென்யன், யோசுவாவுக்குரியதாகப் பலரும் கருதும் காலத்தில் அங்கே பெரிய மதிலுள்ள நகரம் இருந்ததற்குச் சான்று காணவில்லை என்பதும் மறைக்கப்படாமல் சொல்லப்படுகிறது. விசுவாசிகளுக்கு நடத்தப்படும் பாடத்தில் இந்தத் துணிவு அரிது.

இந்த விளக்கத்தின் எல்லையையும் ஆசிரியரே வரைந்துவிடுகிறார். மிகைநடை என்று சொல்வதால் இறந்தவர்களின் தொகை குறையலாம், அழிக்கச் சொன்ன கட்டளை மறைந்துவிடாது என்பது அவருடைய நிலை. நான் இதை முழு மனதோடு ஏற்கிறேன். அதனாலேயே எண்ணாகமம் 31ஆம் அதிகாரம் பன்னிரண்டு பாடங்களில் எங்கும் இடம்பெறாதது எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது. மீதியானியரோடு நடந்த போருக்குப் பின், பெண்களை உயிரோடு விட்டதற்காக மோசே சேனைத்தலைவர்கள்மேல் கோபம் கொள்கிறான். ஆண்குழந்தைகளையும் புருஷனை அறிந்த பெண்களையும் கொல்லச் சொல்லி, கன்னிப்பெண்களை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். பின்வரும் கணக்கில் அந்தப் பெண்கள் 32,000 பேர் ஆடுமாடுகளுக்கும் கழுதைகளுக்கும் அடுத்து எண்ணப்படுகிறார்கள். தொகை மிகை என்று வாதிடலாம், மீதியானியர் கிதியோனின் காலத்தில் மீண்டும் பெருங்கூட்டமாக வருவதையும் காட்டலாம். ஆனால் பெற்றோரையும் சகோதரரையும் கொன்றவர்களின் கூடாரத்தில் அந்தச் சிறுமிகளுக்கு நேர்ந்ததை எந்த நடையியல் விளக்கமும் தொடாது. யோசுவாவுக்குக் கைகொடுத்த கருவி இங்கே போதாது என்பதாலேயே இதற்குத் தனிப்பாடம் இருந்திருக்க வேண்டும்.

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்துக்கான பாடம் வேறொரு காரணத்தால் மதிப்புடையது. அமலேக்கியரைக் குழந்தைகள் உட்படக் கொன்றுபோடும்படி சவுலுக்கு வந்த கட்டளையை விளக்குவதோடு நில்லாமல், இத்தகைய வசனங்களைக் கையில் எடுத்தவர்கள் பின்னாளில் என்ன செய்தார்கள் என்பதையும் அது விரிவாகச் சொல்கிறது. 1637இல் வட அமெரிக்காவின் மிஸ்டிக் நதியருகே பூர்வகுடிகளான பீக்வாட் மக்களின் கோட்டைக் குடியிருப்பை ஆங்கிலேயக் குடியேறிகள் கொளுத்தினார்கள். நூற்றுக்கணக்கானோர், பெண்களும் குழந்தைகளுமாக, மாண்டார்கள். அந்தப் படையின் தலைவர்களில் ஒருவரான ஜான் அண்டர்ஹில் மறு ஆண்டு வெளியிட்ட தம் வரலாற்றில் தாவீதின் யுத்தத்தை எடுத்துக்காட்டி, பெண்களும் குழந்தைகளும் பெற்றோரோடு அழிய வேண்டும் என்று வேதமே சில வேளைகளில் அறிவிப்பதாக நியாயம் கூறினார். ஒரு வசனத்தின் பொருளை ஆராய்கிறவர் அது யாருடைய கையில் ஆயுதமாயிற்று என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வரலாற்றை விட்டுவிட்டுப் பொருள் சொல்வது பாதி விளக்கமே.

தொடரின் உச்சம் ஆறாம் பாடம். வேதாகமம் தன்னைத் தானே வாசிக்கும் இடங்களை அது ஒன்றுசேர்க்கிறது. இஸ்ரவேலின் அரசன் ஆகாபின் குடும்பத்தை அழித்ததற்காக, அவன் வம்சத்தின் அரசைக் கைப்பற்றிய யெகூ 2 இராஜாக்கள் பத்தாம் அதிகாரத்தில் கர்த்தரால் பாராட்டப்படுகிறான். ஓசியாவின் முதல் அதிகாரத்திலோ யெஸ்ரயேலில் சிந்தப்பட்ட அதே இரத்தத்துக்காக யெகூவின் வம்சத்தார் விசாரிக்கப்படுவார்கள் என்று கர்த்தர் சொல்கிறார். நினிவேயின் வீழ்ச்சியில் நாகூம் களிகூர, யோனாவின் புத்தகம் அதே நினிவேயில் வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாதவர்கள்மேல் தேவன் பரிதபிப்பதோடு முடிகிறது. எலியா வானத்திலிருந்து அக்கினியை இறக்கினான். சமாரியரின் கிராமத்தின்மேல் அவ்வாறே செய்யட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது இயேசு திரும்பி அவர்களை அதட்டினார். நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்தவர், கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்து வரும் நீதியைச் சரிக்கட்டும் நாளை அவர் வாசிக்கவில்லை. இந்த இடங்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது, கடினமான வசனத்தோடு வழக்காடுவது விசுவாசத்துக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமன்று, தீர்க்கதரிசிகளிடமிருந்தே வந்தது என்பது விளங்குகிறது. இந்த ஒரு பாடத்துக்காகவே தொடரில் சேரலாம்.

திருச்சபை வரலாற்றைக் கூறும் அடுத்த இரு பாடங்களில் அந்த நிதானம் தளர்கிறது. கி.பி. 144ஐ ஒட்டி ரோமாபுரிச் சபையால் விலக்கப்பட்ட மார்சியோன், பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்டு, தாம் திருத்திய லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டதும், சபை அதை மறுத்ததும் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. மூன்றாம் நூற்றாண்டில் யோசுவாவின் புத்தகத்தின்மேல் பிரசங்கித்த ஓரிகன், கானானியரை நம் உள்ளத்தின் தீய இச்சைகளாகக் கண்டதும் நன்றாக விளக்கப்படுகிறது. ஆனால் இங்கே ஆசிரியர் ஓரிகனின் வழியையே விடையாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார். ஆவிக்குரிய பொருள் தியானத்துக்கு உதவும், அதை நானும் மதிக்கிறேன். எனினும் வசனம் காட்டும் மனிதர்கள் இச்சைகளாக மாறிய பின்பு அவர்களுக்காகத் துக்கப்பட எவரும் மிஞ்சுவதில்லை.

இதே அவசரம் 137ஆம் சங்கீதப் பாடத்தையும் பாதித்துள்ளது. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவனைப் பாக்கியவான் என்னும் கடைசி வசனம், கெட்ட எண்ணங்களை முளையிலேயே கிறிஸ்து என்னும் கன்மலையில் மோதச் சொல்வதாகப் பழைய விளக்கத்தின்படி சுருக்கமாக முடிக்கப்படுகிறது. எருசலேமின் அழிவைக் கண்ணால் கண்டு, சிறையாகக் கொண்டுபோகப்பட்டு, சிறைப்பிடித்தவர்களின் முன் பாடக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் குரல் அது என்பதற்குப் பாடத்தில் ஒரு வாக்கியமே கிடைக்கிறது. பழிவாங்கும் எண்ணத்தைச் செயலாக்காமல் தேவனிடம் வார்த்தையாகக் கொட்டுவது ஜெபமாகுமா என்ற கேள்வி எழுப்பப்படவே இல்லை. 1971இல் வெளிவந்த, கத்தோலிக்கரின் அன்றாட ஜெபநூலான திருப்புகழ்மாலை 58, 83, 109ஆம் சங்கீதங்களை முழுவதுமாகவும், 137இன் இறுதி வசனங்களையும் விலக்கிவைத்ததைப் பாடம் ஒரு செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. அந்த முடிவு சரியா என்ற விவாதம் அரை மணி நேரத்துக்குத் தகும். கொடுமைக்கு ஆளானவர் சபையில் வாய்விட்டு அழத் தகுந்த சொற்களைச் சபையே எடுத்துவிடலாமா என்பது சிறிய கேள்வியன்று.

நியாயாதிபதிகளின் புத்தகத்துக்கு வந்ததும் பாடம் மீண்டும் நிமிர்கிறது. தகப்பனின் பொருத்தனைக்கு இரையான யெப்தாவின் மகளையும், கிபியாவில் இரவு முழுவதும் வதைக்கப்பட்டு வாசற்படியில் விழுந்து கிடந்த லேவியனின் மறுமனையாட்டியையும் பற்றிய பாடம் அவர்கள் பக்கம் நின்றே பேசுகிறது. இருவருக்கும் வேதத்தில் பெயர் இல்லை. யெப்தாவின் மகளுக்காவது இஸ்ரவேலின் குமாரத்திகள் ஆண்டுதோறும் நான்கு நாள் புலம்பினார்கள். மற்றவளுக்கு அதுவும் இல்லை. கதையில் நடப்பதெல்லாம் தேவனுக்கு ஏற்றதன்று, அவனவன் தன் பார்வைக்குச் சரியானபடி செய்துவந்த காலத்தின் குற்றச்சாட்டே இந்தப் புத்தகத்தின் இறுதிப் பகுதி என்று ஆசிரியர் காட்டுவது மிகப் பொருத்தமானது. எலிசாவைப் பரிகாசம் செய்த 42 பிள்ளைகளைக் கரடிகள் பீறிய நிகழ்வுக்கான பாடம் மெலிந்தது. பிள்ளைகளின் வயதைக் கூட்டிக் காட்டுவதிலேயே அது நேரத்தைச் செலவிடுகிறது. புதிய ஏற்பாட்டுக்கு ஒரே பாடம்தான் என்றாலும், இயேசுவின் இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக என்று ஜனங்கள் சொல்லும் மத்தேயு 27:25 யூதர்களுக்கு எதிராக நூற்றாண்டுகளாகப் பயன்பட்டதையும், அந்தப் பழியைக் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மறுத்துரைத்ததையும் மழுப்பாமல் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்கும் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசியா பற்றி நான் கேட்டதற்கு வந்த பதில் நீண்டதாகவும் கவனமாகவும் இருந்தது. தங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதைக் குழுவினர் ஒளிக்கவில்லை. எண்ணாகமம் 31 பற்றிய கேள்விக்கோ தேவனுடைய பரிசுத்தத்தைக் குறித்த பொதுவான சில வரிகளே வந்தன. குறிப்பேடுகளில் வசன எண்கள் ஒழுங்காக உள்ளன, ஒலிப்பதிவும் தெளிவு.

வேதபாடக் குழுவை நடத்துகிறவர்களுக்கும், பிரசங்கம் செய்கிறவர்களுக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆறாம் பாடத்தை முதலில் கேட்டுவிட்டு யோசுவாவுக்குத் திரும்புவது நல்லது. நியாயாதிபதிகள் பாடத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லாததால், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் குழுவில் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு, நடத்துகிறவர் அதைத் தனியே முன்கூட்டிக் கேட்டு, என்ன வரப்போகிறது என்பதைக் குழுவினருக்கு முன்பே அறிவித்து, வெளியே இருக்க விரும்புகிறவர்களுக்கு இடமளித்த பின்பே ஒலிக்கவிட வேண்டும்.