வெளிமுற்றத்துத் தேக்கு: நல்லூரிலும் காரைநகரிலும் பாவித்துப் பார்த்தது

யாழ்ப்பாணத்து நல்லூரில் எங்கள் விருந்தினர் விடுதியின் முற்றத்திலும், காரைநகரில் தம்பி நடத்தும் சாப்பாட்டுக் கடையின் கடற்கரைப் பக்கத்திலும் தேக்குக் கதிரை, மேசை, வாங்கு எல்லாம் 2019 முடிவிலிருந்து வெளியிலேயே கிடக்கின்றன. இரண்டு இடத்துச் சாமானும் ஒரே தொகுதியில் வந்தவை. ஒரே மரம், ஒரே தச்சு வேலை. இரண்டு இடங்களுக்கும் இடையில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். இன்றைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பட்டறையில் செய்தவை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் விடுதியோ கஃபேயோ தொடங்குகிறவர்கள் இப்போது அதிகம். எங்களிடம் வந்து கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "தேக்கு மழைக்குத் தாங்குமா?" மழைக்குத் தாங்கும், அதில் யோசிக்கவே வேண்டாம். ஆணி தாங்குமா, பொருத்துத் தாங்குமா, கால் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்குச் செலவு வைத்ததெல்லாம் அந்த மூன்றும்தான்.

முதலில் நிறம். முதற் கோடையிலேயே தேன்நிறம் போய்ச் சாம்பலாகிவிடும். மரநாரைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புறஊதாக் கதிர் சிதைக்கிறது, மாரி மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மேலே வெளிறிய நார் மிஞ்சுகிறது. மேற்தோலோடு நின்றுவிடுகிற விஷயம் இது. சீவுளியை ஒருதரம் இழுத்தால் அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வருகிற விருந்தாளிகளுக்கு இந்தச் சாம்பல் பிடிக்கிறது, தேடி வந்து அந்தக் கதிரைகளில் இருந்து படம் எடுக்கிறார்கள். நம்முடைய சனத்துக்குப் பிடிப்பதில்லை. சாமத்திய வீட்டுக்கு முற்றம் பார்க்க வந்த ஒரு மாமி வாங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெயின்ற் அடிக்கக் காசில்லையோ பிள்ளை?" என்று கேட்டார். கலியாணம், பிறந்தநாள் என்று முற்றத்தை வாடகைக்கு விடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிகழ்ச்சிக்கென்று சில கதிரைகளை உள்ளே விறாந்தையில் தனியாக வைத்திருக்கிறோம். அவை இன்னும் மண்ணிறமாகவே இருக்கின்றன.

வார்னிஷ் வேண்டாம். தொகுதியில் சில மேசைகள் வார்னிஷ் அடித்தே வந்தன. ஒரு கோடை முடிய முதலே வெடித்து உரியத் தொடங்கியது. உரிந்த இடத்தால் இறங்கும் தண்ணீர் மிச்சப் பூச்சுக்கு அடியில் போய் நிற்கும், அங்கே கறுத்துத் திட்டுத் திட்டாகும். தந்த கடைக்காரர், பூச்சுக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார். அதை முழுவதும் சுரண்டி எடுக்கப் போன கூலியில் இன்னொரு வாங்கு செய்திருக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கும் தம்பிக்கும் இன்றுவரை ஒத்துவரவில்லை. அவன் ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்குப் பிறகு பூசுகிறவன். நான் பூசுவதில்லை. கடையில் "தேக்கு எண்ணெய்" என்று விற்பது தேக்கிலிருந்து எடுத்தது அல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் போன்ற ஒன்றைத் தின்னரோடு கலந்து போத்தலில் அடைத்தது. அந்த எண்ணெயே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. ஒக்ரோபரில் மழை தொடங்கினால் எண்ணெய் குடித்த மரத்தில்தான் கறுப்புப் புள்ளி முதலில் வருகிறது. தேக்கைக் காப்பது அதன் வைரத்துக்குள், அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதிக்குள், இயல்பாகவே இருக்கிற எண்ணெய்ப் பசையும் டெக்டோகுவினோன் போன்ற சாறுகளும்தான். மேலே பூசுவதால் ஓரிரு மாதத்துக்கு நிறம் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் தச்சர் சொல்வது இன்னும் சுருக்கம்: "உள்ளுக்கு இருக்கிற எண்ணெய் போதும் பிள்ளை. வெளியில பூசுறது உங்கட கண்ணுக்கு."

சரி, செலவு வைத்தவற்றுக்கு வருகிறேன்.

காரைநகரில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேசையை மாலையில் துடைத்தால் காலையில் விரலில் உப்பு ஒட்டும். உப்பு மரத்தை உக்க வைப்பதில்லை. ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேற்பரப்பில் நாரைச் சிலிர்க்க வைக்கும், சாரம் கட்டியவர்களின் தொடையில் உறுத்தும். அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அது உண்மையில் தின்பது உலோகத்தை. நாகம் (சிங்க்) பூசிய இரும்பு ஆணிகளில் முதலில் வெள்ளைப் பொடி, பிறகு செந்நிறம், பிறகு கறள் பெருத்து மரத்தையே வெடிக்க வைத்தது. இரும்பும் தேக்கின் சாறும் சேருமிடத்தில் நீலக்கறுப்புக் கறை வேறு, மை ஒழுகியது மாதிரி. அந்தக் கறையை ஒக்சாலிக் அமிலம் எடுக்கும், ஆனால் ஆணியை மாற்றாவிட்டால் அடுத்த மாரிக்கே திரும்பி வந்துவிடும்.

ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் என்று சொல்லித் தந்தவையும் எல்லாம் ஒன்றில்லை. 304 தரத்து ஆணிகள் நல்லூரில் இன்றைக்கும் பளபளப்பாக இருக்கின்றன. காரைநகரில் அதே ஆணிகளில் தேத்தண்ணி நிறத்தில் கறை படிந்து, மடிக்கிற கதிரைகளின் கீல்கள் இறுகிப் போயின. கடலோரத்துக்கு 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் குளோரைட்டுக்கு அது நின்று பிடிக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பெட்டியில் ஏ2 என்று இருந்தால் 304 வகை, ஏ4 என்று இருந்தால் 316 வகை. ஆணியின் தலையிலும் சில வேளை பொறித்திருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது ஏ4 கேட்டால் கடைக்காரர் சிரித்தார். அந்த ஆண்டு காரைநகர்க் கதிரைகளில் பாதியைக் கட்டுக்கம்பியால் கட்டித்தான் வைத்திருந்தான் தம்பி. நல்லவேளையோ கெட்டவேளையோ, இருக்க வந்த ஆட்களும் குறைவு.

மடிக்கிற கதிரை கடலோரத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. கீல் இருக்கிற எதுவும் அங்கே முதலில் சாகும். துளையும் கழுந்துமாக, அதாவது ஒரு மரத்தில் துளையிட்டு மற்றதன் செதுக்கிய முனையை அதற்குள் இறக்கிப் பொருத்தி, மர ஆணி அறைந்த வாங்குகள் அதே இடத்தில் அசையாமல் இருக்கின்றன. அவற்றில் கறள் பிடிக்க ஒன்றும் இல்லை. பசையால் மட்டும் ஒட்டிய பொருத்துகள் இளகிவிட்டன. சாதாரண வெள்ளைப் பசை வெளியில் நனையும் சாமானுக்கு ஏற்றதல்ல. அதோடு தேக்கின் எண்ணெய்ப் பசையால் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னராலோ அசிற்றோனாலோ துடைத்துவிட்டு எப்பொக்சி வைத்தால்தான் நிற்கும். இதைச் செய்கிற பட்டறையா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆளின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

நல்லூரில் உப்புக் காற்று குறைவு. அங்கே எங்களுக்கு வந்த தலையிடி கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், தண்ணீர் கடினம் என்பது கேத்தில் பாவிக்கிற எல்லோருக்கும் தெரியும். காலை காலையாக வேலைப் பெடியன் அந்தத் தண்ணீரைக் குழாயால் அடித்து மேசை கழுவுவான், வெயில் ஏற அது காயும், வெள்ளைப் படலம் விழும். சாம்பல் நிறம் என்று விருந்தாளிகள் ரசித்ததில் பாதி சுண்ணாம்பு. ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் படியாது. படிந்துவிட்டால் தண்ணீர் கலந்த வினாகிரி போதும். மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய கழுவல் செய்கிறோம். மெல்லிய சவர்க்காரம், தும்புத் தூரிகை, நாரின் போக்கிலேயே தேய்ப்பது. வாகனம் கழுவும் அழுத்தக் குழாயைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். மென்மையான நாரை அது தோண்டி எடுத்துவிடும், மேசை வரிவரியாக எழும்பி நிற்கும். வேறொரு விடுதியில் அப்படியான மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்தால் ஆடுகிறது.

வெயிலைக் கண்டு பயப்படுகிறவர்கள் சாமானை மரநிழலில் போடுகிறார்கள். எங்கள் முற்றத்தில் மாமரத்துக்குக் கீழ் இருக்கிற தொகுதிதான் மிக மோசம். நவம்பர், டிசம்பரில் அங்கே காய்வதே இல்லை. பாசி பச்சையாகப் படரும், இலைச்சாறு ஒழுகும், காகம் வேறு தன் பங்குக்குச் செய்யும். நடுமுற்றத்தில் நாள் முழுக்க வெயில் குடிக்கிற மேசை கழுவாமலே சுத்தமாக இருக்கிறது. தறப்பாள் போட்டு மூடுவதும் இதே கதைதான். உள்ளே ஈரம் அடைபட்டு வேர்த்து, திறக்கும்போது பூஞ்சண மணம் வரும். மூடுவதை விட நனைய விடுவது மேல். முடிந்தால் காற்றோட்டமான தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

கால்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும், காலின் அடி முழுவதும் வெட்டுமுகம். செம்மண்ணில் நேரே நின்ற வாங்குகளின் கால்கள் ஒரு சாண் உயரத்துக்குச் சிவந்து போயின, அந்தச் சாயம் எதற்கும் போகவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் நேரம் முற்றத்தில் வெள்ளம் நின்றபோது, அடியில் எப்பொக்சி பூசி நைலோன் குமிழ் வைத்த கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறுங்கால்களில் சில அடியிலிருந்து மேல்நோக்கிப் பிளந்தன. கறையான் வந்ததும் அந்த வழியாகத்தான். "தேக்கைக் கறையான் தின்னாது என்றார்களே" என்று தச்சரிடம் சண்டைக்குப் போனேன். அவர் வாங்கைத் திருப்பிக் காட்டினார். வைரத்தைத் தொடவே இல்லை, ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி இருந்த சட்டத்தை மட்டும் மண்ணாக்கியிருந்தது.

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த வெள்ளை. வைரம் பொன்மண்ணிறம், வெள்ளைப் பகுதி மஞ்சள் கலந்த வெளிறல். இளமரம் என்றால் வெள்ளை அதிகம். சாயம் பூசி ஒரே நிறமாக்கி வைத்திருந்தால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் பூச்சில்லாமல் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். கதிரையைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள், வெள்ளையை அங்கேதான் ஒளிப்பார்கள். மரமாக வாங்கிச் செய்விப்பதென்றால் ஏற்றிவரும் அனுமதிப் பத்திரமும் கேளுங்கள், வீதிச் சோதனையில் அது இல்லாவிட்டால் மரமும் போகும் வாகனமும் போகும்.

மேசைப் பலகைகளுக்கு இடையில் இடைவெளி இருக்கட்டும். இங்கே மூன்று மாதம் ஊறி மிச்ச மாதங்கள் காய்கிற மரம் அகலத்தில் விரிந்து சுருங்கும். இடைவெளி இல்லாமல் இறுக்கி ஒட்டிய ஒரு பெரிய மேசை ஆனி மாத வெயிலில் சத்தம் போட்டே வெடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள்.

சாப்பாட்டுக் கறைகள்: நண்டுக்கறி மஞ்சளுக்குக் கவலைப்பட வேண்டாம், வெயில் பட்டால் தானாக வெளிறிவிடும். எண்ணெய் போகாது, காலப்போக்கில் மங்கும். ஒடியல் கூழை மட்டும் காயவிடாதீர்கள், இடைவெளிக்குள் இறங்கிக் காய்ந்தால் கத்தியால்தான் எடுக்க வேண்டும்.

தேக்கு இந்த மண்ணின் மரம் இல்லையே, ஒல்லாந்தர் காலத்தில் வந்ததுதானே, நம்முடைய பனையும் முதிரையும் இருக்க இது எதற்கு என்று ஒரு வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்விதான். கூரைக்குப் பனஞ்சிலாகையை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் பனைவாங்கில் இருந்து எழும்பினால் சேலை நூல் இழுபடும். முதிரை நல்ல மரம்தான், பாரமோ பாரம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் முற்றத்தில் காலையும் மாலையும் கதிரை மாற்றிப் போடுகிற பெடியங்களிடம் முதிரைக் கதிரையைக் கொடுத்தால் கொடியேறி மூன்றாம் நாளே வேலையை விட்டுப் போய்விடுவார்கள். பிளாஸ்ரிக் கதிரை மலிவு. இரண்டு கோடையில் வெளுத்து, மூன்றாவதில் பாரமான ஒரு விருந்தாளியோடு முறியும். அலுமினியம் காரைநகருக்கு மோசமில்லை, ஆனால் மத்தியானத்தில் அதில் கை வைக்க முடியாது.

இந்த ஆண்டு காரைநகருக்குப் புதிதாகச் சில வாங்குகள் சொல்லியிருக்கிறோம். மடிப்பு இல்லை, கீல் இல்லை, முழுக்கக் கழுந்துப் பொருத்து, மர ஆணி, கால் அடியில் எப்பொக்சி. தவிர்க்க முடியாத இடத்தில் ஏ4 ஆணி, அதையும் கொழும்பிலிருந்து நாங்களே எடுப்பித்துத் தச்சர் கையில் கொடுத்தாயிற்று. எண்ணெய் பூசுவதா இல்லையா என்பது தம்பி பாடு.